நந்தனாருக்கு மட்டும் ஏன் தீ? இறையியல் இலக்கியத்துக்குள் எழுதும் சட்டம்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்துக் கல்லூரி மாணவர்களோடு ஒருநாள் உரையாடிக்கொண்டிருந்தேன். கோயில் நுழைவு பற்றிய பிரிவுக்கு வந்தபோது, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மாணவி ஒருவர் கேட்டார்: “அக்கா, கண்ணப்பர் செருப்புக் காலோட போய் சாமிக்குக் கறி படைச்சார். அவரை யாரும் தீயில இறங்கச் சொல்லல. நந்தனார் பாக்கத்தானே ஆசைப்பட்டார்? அவருக்கு மட்டும் ஏன் தீ?”

இரு கதைகளும் ஒரே நூலில், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் உள்ளவை. ஒரே கடவுள், ஒரே ஆசிரியர். தீர்ப்பு மட்டும் வேறு. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலை முழுமையாகச் சொல்லும் முயற்சி.

மதம் இலக்கியத்துக்குக் கருப்பொருள் தருகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அது தருவது கருப்பொருள் மட்டுமன்று. கதைக்குள் யார் எதுவரை நுழையலாம், நுழைவதற்கு என்ன விலை, கதை எங்கே முடிந்தால் ‘நல்ல முடிவு’ என்று வாசகர் ஏற்பார் என்பதையெல்லாம் இறையியல் முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், ஓர் இலக்கியப் படைப்பின் நடைமுறைச் சட்டமாக இறையியல் இயங்குகிறது. நந்தனார் கதையை ஒரு வழக்குக் கட்டாகப் பிரித்துப் படித்தால் இது விளங்கும்.

விதி நின்றது, விலக்கு கிடைத்தது

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் ஒரு பெயராக மட்டுமே வருகிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் அப்பெயர் ஒரு பாடலாக விரிகிறது. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் அதை 37 பாடல்கள் கொண்ட வரலாறாக்குகிறார்.

சேக்கிழார் சேரியைக் கண்ணால் பார்த்தவர்போல் எழுதுகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியின் குடிசைகளும் கோழிகளும் நாய்க்குட்டிகளும் உழைக்கும் பெண்களும் அவர் பாடல்களில் உயிரோடு இருக்கின்றனர். நந்தனார் செய்யும் தொண்டையும் துல்லியமாகச் சொல்கிறார்: கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அவர் கையால் பதப்பட்ட தோல் கோயிலுக்குள் ஒலிக்கிறது. அந்தக் கைக்கு உரியவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். உழைப்பின் பயனுக்கு நுழைவு உண்டு, உழைப்பவருக்கு இல்லை என்ற ஏற்பாட்டை நூல் மறைக்கவில்லை.

திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று பார்ப்பதற்காக நந்தி விலகுகிறது. கல் நகர்கிறது, ஆனால் நந்தனார் நிற்குமிடம் மாறவில்லை. தில்லைக்குப் போக விரும்பி, தம் பிறப்பை எண்ணித் தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்று அவர் நாளைக் கடத்துகிறார். நீதிமன்ற மொழியில் அது முடிவற்ற வாய்தா. கடைசியில் கடவுள் இருவருக்குக் கட்டளையிடுகிறார். நந்தனாரைத் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணரைத் தீ வளர்க்கச் சொல்கிறார். தீயிலிருந்து முப்புரிநூல் அணிந்த முனிவர் ஒருவர் எழுந்து, கோயிலுக்குள் சென்று, மறைந்துபோகிறார்.

இந்தத் தீர்ப்பில் இரு கொள்கைகள் மோதுகின்றன. பிறப்பைவிட அன்பே பெரிது என்பது பக்தி. கோயிலின் எல்லை தூய்மையால் காக்கப்பட வேண்டும் என்பது ஆகம ஒழுங்கு. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் தீ வருகிறது. மனு ஏற்கப்படுகிறது, ஆனால் விதி செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை. தனியொருவருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. அந்த விலக்கும் எத்தகையது? கதைப்படியே பார்த்தால், புலைப்பாடியின் மனிதர் ஒருவரும் கோயிலுக்குள் நுழையவில்லை. நுழைந்தவர் பூணூல் அணிந்த முனிவர். அடுத்த நாள் ஆதனூரிலிருந்து இன்னொருவர் வந்தால், அவர் சுட்டிக்காட்டத் தக்க முன்தீர்ப்பு எதுவும் இல்லை.

கண்ணப்பருக்கு எப்படி இயன்றது?

காளத்திக் காட்டில் வேடர் தலைவரின் மகன் வாயில் சுமந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டுகிறார், சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் பதறி, இடத்தைத் தூய்மை செய்கிறார். அப்போது கடவுள் சிவகோசரியாரின் கனவில் தோன்றி, அந்த வேடரின் அன்பை அறிந்துகொள் என்கிறார்.

இங்கே கடவுள் திருத்துவது பூசகரின் பார்வையை. தில்லையிலோ பூசகர்களின் பார்வை திருத்தப்படவில்லை. மனுதாரரின் உடல் திருத்தப்படுகிறது. மாணவியின் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. கண்ணப்பர் வயல்சார்ந்த சாதி ஒழுங்குக்கு வெளியே, மதிலற்ற காட்டில் இருப்பவர். அவரை ஏற்பதால் ஊரில் எதுவும் மாற வேண்டியதில்லை. நந்தனாரோ ஊரின் வயலோடும் கோயிலோடும் சேவையால் பிணைக்கப்பட்டவர். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்ற சொற்கள் இடம்பெறுகின்றன. நந்தனார் நந்தனாராகவே உள்ளே நடந்திருந்தால், அவர் பின்னே ஒரு சேரியே நடக்கலாம். ஆகவே அன்பின் இறையியல் காட்டில் முழுமையாகவும், நிலமும் மதிலும் உள்ள ஊரில் நிபந்தனையோடும் செல்லுபடியாகிறது என்பதே என் வாசிப்பு.

கண்ணப்பரும் விலை கொடுக்காமல் இல்லை. கண்ணைத் தோண்டித் தந்த பிறகே அவருக்கு இடம் கிடைக்கிறது. விளிம்பில் இருப்பவர் தம் உடலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்தால்தான் அவர் அன்பு நம்பப்படுகிறது.

மலையின் கதையில் இன்னொரு தீ

ஜவ்வாது மலையாளிகளின் பூர்விகம் பற்றி ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் அது பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டு, இகழ்ந்து மறுக்கப்பட்டு, ஏழு பெண்களைக் கவர்ந்து செல்கின்றனர். ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு தேடிப் புறப்படுகின்றனர். நாய்கள் தனியே திரும்பினால் நாங்கள் இறந்ததாகக் கொண்டு ஈமச்சடங்கு செய்துவிடுங்கள் என்பது அவர்கள் மனைவியரிடம் சொல்லிச்சென்ற சொல். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் பாதியில் திரும்பிவிடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் ஊர் திரும்பும்போது அவர்களுக்கான சடங்குகள் முடிந்துவிட்டன. உயிரோடு வந்தவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து, மலையேறி, உழவு செய்து வாழ்ந்தனர். அவர்களின் வழிவந்தோரே மலையாளிகள் என்கிறது கதை.

நம் சாட்சியச் சட்டப்படி, 7 ஆண்டுகள் தகவலில்லாத ஒருவர் இறந்ததாக ஊகிக்கப்படலாம். அவர் உயிரோடு வந்து நின்றால் அந்த ஊகம் உடைந்துவிடும். இக்கதையில் உடைவதில்லை, நேரில் நிற்கும் உடலைவிடச் செய்துமுடித்த சடங்குக்கே வலிமை அதிகம். நந்தனார் கதையில் தீ ஒருவரைச் சாதி ஏணியில் மேலேற்றுகிறது. இங்கே ஈமச்சடங்கு எழுவரை ஏணியிலிருந்து இறக்குகிறது. இரண்டிலும் சடங்கு வெல்கிறது. ஏணி கேள்விக்கு உள்ளாவதில்லை. எழுதப்பட்ட புராணமாயினும் வாய்மொழிக் கதையாயினும், கதை சொல்லும் சமூகத்தின் தூய்மைக் கோட்பாடு அதற்குள் சட்டமாக நுழைந்துவிடுகிறது. பதிவான இவ்வடிவத்தில் வேடர் பெண்கள் என்ன நினைத்தனர் என்பதற்கு ஒரு வாக்கியமும் இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இறையியல் மாறினால் கதை மாறும்

இது மாற்ற முடியாத விதி அன்று. நந்தனார் கதையின் பிற்கால வடிவங்களே அதற்குச் சான்று.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில், சேக்கிழாரிடம் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரைப் புகுத்துகிறார். நந்தனார் இப்போது விடுப்புக் கேட்டு மன்றாடும் பண்ணையாள். நாற்பது வேலி வேலையை ஓர் இரவில் முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். பண்ணையடிமை முறையின் கொடுமை இவ்வாறு இசைமேடைக்கு வந்தது. ஆனால் வேலையை முடித்துத் தருவது கடவுள். மனம் மாறுவது பண்ணையார். தீ அப்படியே இருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் வேறு தளத்தில் நின்றார். 1898இல் பௌத்தம் தழுவிய அவர், ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் நந்தனைப் பௌத்த மன்னனாகவும், வேஷப் பிராமணரின் சூழ்ச்சிக்கு இரையானவனாகவும் எழுதினார். சைவ இறையியலை அகற்றியதும் நுழைவுக்காகக் கெஞ்சும் அடியார் மறைந்தார். பறிக்கப்பட்டதற்குக் கணக்குக் கேட்கும் வரலாறு தோன்றியது. பின்னர் இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ அற்புதமாக இல்லை, சதியாக இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோரின் தோற்றம் குறித்து எழுதிய நூலை நந்தனார், ரவிதாசர், சொக்காமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரித்தாக்கினார். மராட்டிய பக்தக் கவிஞரான சொக்காமேளரின் சமாதி இன்றும் பண்டரிபுரம் விட்டலர் கோயிலின் வாயிற்படி அருகேதான் இருக்கிறது. அவர்களின் பக்தியை அம்பேத்கர் மதித்தார். ஆனால் ஒரு சமூகத்தின் விடுதலை தனியொருவரின் புனிதத்தைச் சார்ந்திருக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்நாள் பணியே சான்று.

தீ வேண்டாத நுழைவு

1947ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டமும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும், சேக்கிழாரின் கதை செய்யாததைச் செய்தன: விதியையே நீக்கின. திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது வழிபாட்டிடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ நுழைவதைத் தடுப்பதை 3(1)(za) பிரிவில் குற்றமாக்குகிறது. இங்கே மனுதாரர் தம் அன்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவர் பக்தராக இருக்கவேண்டியதுகூட இல்லை.

ஆயினும் ஜமுனாமரத்தூர் அமைந்துள்ள இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் நுழைய முடிந்தது. அதுவும் அதிகாரிகளும் காவல்துறையும் உடன் நிற்க. சட்டம் மாறி முக்கால் நூற்றாண்டு ஆகியும் ஊரின் மனத்தில் பழைய நடைமுறையே ஓடுகிறது. அந்த மனத்தைப் பயிற்றுவித்தவற்றுள் நாம் கண்கலங்கிக் கேட்ட கதைகளும் உண்டு. நந்தனார் தீயில் இறங்குவதை நெகிழ்ச்சியான முடிவாகவே கேட்டுப் பழகியவருக்கு, தீயில்லாத நுழைவு அத்துமீறலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆகவே இந்நூல்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சேரியின் வாழ்வையும் உழைப்பையும் சேக்கிழார்போல் பதிவு செய்தவர் அக்காலத்தில் அரிது. அந்தப் பதிவு நமக்குச் சாட்சியம். நான் கேட்பது, வழக்கறிஞர் தீர்ப்பைப் படிப்பதுபோல் அவற்றைப் படிக்க வேண்டும் என்பதே. கதையில் யார் வெளியே நிற்கிறார்? நுழைவுக்கு என்ன நிபந்தனை? அந்த நிபந்தனையை விதிப்பது எந்த இறையியல்? முடிவில் மாறியது விதியா, மனிதரா?

அந்த மாணவியிடம் இன்று சொல்வேன்: கண்ணப்பரை ஏற்க ஊர் மாற வேண்டியிருக்கவில்லை. நந்தனாரை நந்தனாராகவே ஏற்க ஊர் மாற வேண்டியிருந்தது. ஊர் மாற மறுத்ததால், மாறும் வேலை நந்தனாரின் உடல்மீது சுமத்தப்பட்டது. அந்தத் தீயின் பெயர் அதுதான்.