சிரிப்பூட்டும் வாயு காரை விரட்டுமா?

பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்க நோயாளிக்குக் கொடுக்கும் வாயு ஒன்று உண்டு. அதன் பெயர் நைட்ரஸ் ஆக்ஸைடு. ‘சிரிப்பூட்டும் வாயு’ என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதே வாயுவைச் சிறிய சிலிண்டரில் அடைத்துக் காரின் பின்பெட்டியில் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கக் கார்ப் பந்தயப் பிரியர்களிடையே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும், பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் கார் பாய்கிறது!

இதற்கான கருவிகளைக் கடையில் வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் தாமே பொருத்திக்கொள்பவர்களும் அங்கே உண்டு. சரியாகப் பொருத்தினால் கார் பாயும். தவறாகப் பொருத்தினால் எஞ்சினின் பிஸ்டன் சில வினாடிகளில் உருகி ஓட்டையாகிவிடும். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது நீங்கள் படிக்கும் இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

எஞ்சினுக்கு எதில் பசி?

கார் எஞ்சின் ஓர் உள்ளெரி எந்திரம். அதன் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. சூடான வாயுக்கள் விரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. அப்படியானால், அதிகத் திறன் பெற அதிகப் பெட்ரோலை ஊற்றினால் போதாதா?

போதாது. விறகடுப்பை எண்ணிப் பாருங்கள். விறகை மேலும் மேலும் திணித்தால் தீ வளராது, புகைதான் வளரும். ஊதாங்குழலை எடுத்து ஊதினால்தான் தீ எழும். எஞ்சினும் அப்படித்தான். 1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது 2 லிட்டர் காற்றை உறிஞ்சும். ஆகவே நிமிடத்துக்கு 6000 லிட்டர், அதாவது வினாடிக்கு 100 லிட்டர். இதன் நிறை ஏறத்தாழ 120 கிராம். இந்தக் காற்றைக் கொண்டு வினாடிக்கு 8 கிராம் பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். 1 கிராம் பெட்ரோல் ஏறத்தாழ 44 கிலோ ஜூல் வெப்பம் தரும். அதில் 30 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறுகிறது என்றால், எஞ்சினின் திறன் 105 கிலோவாட். ஏறத்தாழ 140 குதிரைத்திறன். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் இதற்குமேல் வராது. எஞ்சினின் மூச்சு அவ்வளவுதான்!

வெளியிலிருந்து ஓர் ஊதாங்குழல்

இந்த இடத்தில்தான் நைட்ரஸ் ஆக்ஸைடு உதவிக்கு வருகிறது. அதன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் உள்ளன. மூலக்கூறு எடை 44. அதில் ஆக்ஸிஜன் 16. அதாவது எடையில் 36 சதவீதம் ஆக்ஸிஜன். காற்றிலோ எடையில் 23 சதவீதமே ஆக்ஸிஜன்.

திரைப்படங்களில் இந்த வாயுவே தீப்பிடித்து எரிவதுபோல் காட்டுகிறார்கள். அது தவறு. நைட்ரஸ் ஆக்ஸைடு தானாக எரியும் பொருளன்று. எரிதலுக்குத் துணை செய்யும் பொருள். தணலாக இருக்கும் குச்சியை இந்த வாயு நிறைந்த ஜாடிக்குள் நுழைத்தால் குச்சி மீண்டும் சுடர்விட்டு எரியும். வெப்பத்தால் வாயு சிதைந்து ஆக்ஸிஜனை வெளிவிடுவதே இதற்குக் காரணம். சிதையும்போது 44 கிராமுக்கு 82 கிலோ ஜூல் வெப்பத்தையும் உபரியாகத் தருகிறது.

பெட்ரோலை ஆக்டேன் என்று கொண்டு கணக்கிட்டால், ஆக்டேனின் ஒரு மூலக்கூறு எரிய நைட்ரஸ் ஆக்ஸைடின் 25 மூலக்கூறுகள் தேவை. எடையில் 114க்கு 1100. ஆகவே 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9.6 கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடு போதும். நம்முடைய எஞ்சினின் திறனை மேலும் 50 குதிரைத்திறன் கூட்ட, வினாடிக்குச் சுமார் 20 கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடும் அதற்கேற்ற 2 கிராம் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். 4.5 கிலோ கொள்ளும் சிலிண்டர் நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயம் சில வினாடிகளில் முடிந்துவிடுவதால் அது தாராளமாகப் போதும்.

தூய ஆக்ஸிஜனையே அடைத்தால் என்ன?

நல்ல கேள்வி! இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஆக்ஸிஜனின் மாறுநிலை வெப்பநிலை சுழிக்குக் கீழே 118 டிகிரி செல்சியஸ். அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. நைட்ரஸ் ஆக்ஸைடின் மாறுநிலை வெப்பநிலை 36.4 டிகிரி. ஆகவே சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தத்தால் அதைத் திரவமாக்கிச் சிறிய சிலிண்டரில் நிறைய அடைக்கலாம்.

இரண்டாவது, நைட்ரஜனின் தொண்டு. அது எரிவதில்லை, ஆனால் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொண்டு தீயின் கடுமையைத் தணிக்கிறது. நைட்ரஜனே இல்லாமல் தூய ஆக்ஸிஜனில் பெட்ரோல் எரிந்தால் எஞ்சின் தாங்காது.

வானிலிருந்து தரைக்கு

இந்த வாயுவை 1772-இல் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1799-இல் ஹம்ப்ரி டேவி இதைத் தாமே முகர்ந்து பார்த்து அதன் விளைவுகளை ஆராய்ந்தார். எஞ்சினுக்குள் இது பெரிய அளவில் புகுந்தது இரண்டாம் உலகப் போரில். 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே விமான எஞ்சின்கள் மூச்சுத் திணறின. ஜெர்மானியர் ‘ஜி.எம். 1’ என்ற பெயரில் நைட்ரஸ் ஆக்ஸைடைப் போர் விமானங்களின் எஞ்சின்களுக்குள் செலுத்தினர். பிரிட்டிஷாரும் 1944-இல் தங்கள் ‘மாஸ்கிட்டோ’ விமானங்கள் சிலவற்றில் இம்முறையைக் கையாண்டனர்.

போருக்குப் பின் இந்த உத்தி அமெரிக்கக் கார்ப் பந்தயங்களுக்கு வந்தது. 1978-இல் ‘நைட்ரஸ் ஆக்ஸைடு சிஸ்டம்ஸ்’ என்ற நிறுவனம் அங்கே தோன்றியது. வீட்டிலேயே பொருத்திக்கொள்ளத்தக்க கருவித் தொகுதிகள் இத்தகைய நிறுவனங்களால் பரவின.

என்னென்ன பொருத்துகிறார்கள்?

பின்பெட்டியில் சிலிண்டர். அதற்குள் அடிவரை செல்லும் குழாய் ஒன்று இருக்கும். வாயுவாக அல்லாமல் திரவமாகவே வெளிவர இது தேவை. சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள். அதன் வால்வு காரின் முன்பக்கம் நோக்கிச் சற்று உயர்ந்தும், அடிப்பாகம் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். ஏன் தெரியுமா? கார் பாயும்போது நிலைமத்தால் திரவம் பின்னோக்கி ஒதுங்கும். குழாயின் வாய் அங்கே இருந்தால்தான் திரவம் தடையின்றிக் கிடைக்கும். பேருந்து திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதும் இதனால்தான்.

சிலிண்டரிலிருந்து எஃகு வலை பின்னிய உயரழுத்தக் குழாய் எஞ்சின்வரை செல்கிறது. அங்கே இரண்டு மின்காந்த வால்வுகள்: ஒன்று நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு, மற்றொன்று கூடுதல் பெட்ரோலுக்கு. ஒவ்வொன்றையும் அடுத்து, நுட்பமாகத் துளையிட்ட சிறு ஜெட் ஒன்று இருக்கும். எவ்வளவு திரவம் பாய வேண்டும் என்பதை அத்துளையின் விட்டமே முடிவு செய்கிறது. இரண்டும் காற்று உள்ளே செல்லும் வழியில் ஒரே நேரத்தில் பீச்சப்படுகின்றன. திரவ நைட்ரஸ் ஆக்ஸைடு ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. இது உபரி லாபம்.

மின்சுற்றில் மூன்று சுவிட்சுகள் தொடரிணைப்பில் இருக்கும். முதலாவது ஓட்டுநர் கையால் போடுவது. இரண்டாவது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டும் இணைவது. மூன்றாவது எஞ்சினின் சுழற்சி குறிப்பிட்ட வேகத்தை எட்டினால் மட்டும் இணைவது. மூன்றும் இணைந்தாலொழிய வால்வுகள் திறவா.

தராசின் இரண்டு தட்டுகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெட்ரோல் வடிகட்டி அடைத்துக்கொண்டது, அல்லது பெட்ரோல் பம்பு தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு முழு வேகத்தில் வருகிறது. துணைப் பெட்ரோல் வரவில்லை. உருளைக்குள் ஆக்ஸிஜன் மிகுந்துவிடும். கலவை சீராக எரியாமல் வெடித்து எரியும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். பிஸ்டனோ 660 டிகிரியில் உருகும் அலுமினியத்தை அடிப்படையாகக் கொண்ட கலப்பு உலோகம். எரியும் வாயுக்களின் வெப்பநிலை 2000 டிகிரிக்கும் மேல். உலோகத்தைக் காத்துவந்த சமநிலை கெட்டதும் பிஸ்டனின் தலை உருகத் தொடங்குகிறது. பட்டறையில் இரும்பை அறுக்கும் ஆக்ஸிஜன் சுடரைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே வேலை எஞ்சினுக்குள்ளேயே நடக்கிறது!

ஆகவே அனுபவசாலிகள் பெட்ரோலைக் கணக்குக்குச் சற்று அதிகமாகவே வைப்பார்கள். பெட்ரோலின் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸ் வால்வைத் தானாக மூடும் அழுத்தச் சுவிட்சும் வைப்பார்கள். கலவை விரைந்து எரிவதால் ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தையும் சற்றுத் தாமதப்படுத்துவார்கள். 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்பது அவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு.

வெயிலும் தராசைச் சாய்க்கும்

எல்லாம் சரியாகப் பொருத்தியாயிற்று. ஆனாலும் வெயில் ஏறினால் தராசு சாயும். சிலிண்டரில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, அழுத்தம் உள்ளே எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று, வெப்பநிலையைப் பொறுத்தது. சுழி டிகிரியில் ஏறத்தாழ 31 வளிமண்டல அழுத்தம். 20 டிகிரியில் 50. 30 டிகிரியில் 62. நம் வீட்டுச் சமையல் வாயு சிலிண்டரைப்போல், இதிலும் மீதியை அறிய எடைதான் போட வேண்டும்.

வெப்பம் ஏறினால் அதே துளை வழியாக அதிக நைட்ரஸ் ஆக்ஸைடு பாயும். பெட்ரோலோ பழைய அளவிலேயே வரும். விளைவு உங்களுக்குத் தெரியும். 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே இராது. நம் ஊர்க் கோடையில் நிழலிலேயே இந்த வெப்பம் உண்டல்லவா? குளிர் நாட்டிலோ சிக்கல் நேர்மாறு: அழுத்தம் போதாது. அதற்காகத் தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள மின்சூடாக்கியைச் சிலிண்டரைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அவசரப்பட்டுத் தீச்சுடரால் சூடாக்குவது உயிருக்கே உலை வைக்கும். உள்ளேயிருப்பது வெடிகுண்டுக்கு நிகரான அழுத்தம். அளவு மீறி அழுத்தம் ஏறினால் உடைந்து வழிவிடும் பாதுகாப்புத் தகடு ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டு. அது உடைந்தால் வாயு பயணிகள் பக்கம் வராமல் காருக்கு வெளியே போகத் தனிக் குழாயும் வைக்க வேண்டும்.

இந்த வாயுவை விளையாட்டாக முகர்வதும் ஆபத்தே. அது உடலிலுள்ள பி12 வைட்டமினைப் பயனற்றதாக்கி நரம்புகளைக் கெடுக்கும். இதைத் தடுக்கவே அமெரிக்காவில் கார்களுக்கென விற்கும் நைட்ரஸ் ஆக்ஸைடில், மூக்கை எரிக்கும் கந்தக டைஆக்ஸைடைச் சிறிதளவு கலக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

மேலே சொன்ன எஞ்சினுக்கு நான்கு உருளைகள். வினாடிக்கு 20 கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடு மாறாமல் பாய்கிறது. 6000 சுற்றில் ஓடும்போது ஓர் உருளை ஒருமுறை உறிஞ்சுகையில் எத்தனை கிராம் உள்ளே போகும்? அதே எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் எத்தனை கிராம் போகும்? தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும், மின்சுற்றில் அந்த மூன்றாவது சுவிட்சு ஏன் இருக்கிறது என்பதும் உங்களுக்கே புரிந்துவிடும்.