திரைக் காட்சியும் நொந்த உள்ளமும்

கொடிய விபத்தில் சிக்கி மீண்ட ஒருவர், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் ஒலியைக் கேட்ட அளவில் வியர்த்து நடுங்குவதுண்டு. இதனைக் கோழைமை என்று தள்ளுவது அறியாமை. பழந்துயரோடு பிணைந்த ஓர் ஒலியோ, நிறமோ, இடமோ அத்துயரை மீண்டும் உடம்பில் எழுப்பிவிடுகின்றது. அவ்வாறு எழுப்பும் பொருளை உளநூலார் ‘தூண்டல்’ என்பர்.

பிரிட்டனில், சிறுவர்க்கு ஒவ்வாத காட்சிகளைத் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன் காட்டலாகாது என்னும் வரம்பு இன்றும் உண்டு. இணையவழிப் படச் சேவைகளுக்கோ பொழுதென்பதே இல்லை. விரும்பிய படம் விரும்பிய நேரத்தில் ஓடும். எனவே, காலம் செய்துவந்த காவலை அங்கே சேவையின் அமைப்பே செய்தாக வேண்டியுள்ளது. அதனை எவ்வாறு செய்வது?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017 மார்ச் 31ஆம் நாள் வெளியிட்ட ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்னும் தொடரின் வரலாறு இதற்கு விடை தேட உதவும். பள்ளி மாணவி ஒருத்தியின் தற்கொலையே அதன் கதைப்பொருள். முதற்பருவத்தின் இறுதிப் பகுதியில் அச்செயல் விரிவாகக் காட்டப்பட்டது. உளமருத்துவர் பலர் கண்டித்தனர். நிறுவனம் எச்சரிக்கைகளைக் கூட்டியது. 2018இல் நடிகர்களே தோன்றி முன்னறிவிப்புச் செய்தனர். 2019 ஏப்ரலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொடர் வெளியானதற்கு அடுத்த மாதத்தில், அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு மிகுந்திருந்தது என அது கூறிற்று. உடனிகழ்ச்சி வேறு, காரணம் வேறு. அம்முடிவை மறுத்த அறிஞரும் உளர். எனினும் 2019 ஜூலையில் நிறுவனம் அக்காட்சியையே நீக்கிவிட்டது. ஈராண்டு எச்சரித்த பின் வெட்டியது, எச்சரிக்கையின் வலிமை எத்துணைச் சிறிது என்பதற்குச் சான்றன்றோ!

ஆராய்ச்சியும் இதற்கு அரணாக நிற்கின்றது. எச்சரிக்கை பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி, பிரிஜ்லாந்து முதலிய மூவர் 2023இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். எச்சரிக்கை, காட்சி தரும் வேதனையைக் குறைக்கவில்லை. காண்போர் அதனைத் தவிர்க்கும்படியும் பெரிதும் செய்யவில்லை. காட்சிக்கு முந்திய பதற்றத்தை மட்டும் கூட்டிற்று. ‘மனத்தைப் புண்படுத்தக்கூடும்’ என்னும் பொதுமொழி, என்ன வரும், எப்பொழுது வரும் என்று சொல்லாமல் அச்சத்தை மட்டும் விட்டுச்செல்கின்றது.

வேண்டுவது தெளிவான செய்தியும், பார்ப்பவர் கையில் ஆட்சியும் ஆகும். ‘டஸ் தி டாக் டை’ என்னும் இணையத்தளம் 2010இல் தோன்றியது. ‘இப்படத்தில் நாய் சாகுமா?’ என்பதே அப்பெயரின் பொருள். சிரிப்புக்கிடமான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் ஊசி, சிலந்தி, விபத்து என நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களுக்குப் பார்வையாளரே அங்கு விடை எழுதி வைத்துள்ளனர். இப்பணி சேவை நிறுவனங்கள் செய்திருக்க வேண்டியது.

கேளாமலே ஓடும் முன்னோட்டம் மற்றொரு தொல்லை. படம் தேடுபவர் முன் கொலைக் காட்சி தானே வந்து நின்றால், எந்த எச்சரிக்கையால் என்ன பயன்? 2020 பெப்ரவரியில்தான் நெட்ஃபிளிக்ஸ் அதனை நிறுத்திக்கொள்ளும் வசதியை அளித்தது. அப்போதும் கணக்கின் அமைப்புப் பகுதிக்குள் சென்று தேடி நிறுத்த வேண்டியிருந்தது. பதறும் உள்ளத்தார்க்கு அத்தேடலே சுமை.

தொடக்க இசையைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வந்து பல ஆண்டுகள் ஆயின. இசைக்குச் செய்ததைத் துன்பக் காட்சிக்கும் செய்யலாம். அது தொடங்கும் நிமிடத்தையும் முடியும் நிமிடத்தையும் குறித்துவைத்தால் போதும். இடையே கதை அறுபடாதிருக்க, ‘இங்கே இவர் இறந்தார்’ என்று ஒரு வரி எழுத்தில் காட்டலாம்.