கிடேரி காலத்துக்கு முன்பே சினையாகாமல் தடுப்பது எப்படி?

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பகுதியில் ராகி அறுவடை முடிந்ததும் மாடுகளை ஒன்றாக மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவது வழக்கம். கிடேரிகளோடு காயடிக்காத காளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். நாம் கருவூட்டல் செய்ய நினைக்கும் முன்பே கிடேரி சினையாகி நிற்பது இப்படித்தான்.

ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகள் பருவத்துக்கு வர இரண்டு வயது தாண்டிவிடும். அந்தக் கணக்கிலேயே பலரும் கலப்பினக் கிடேரியையும் சின்னக் கன்றுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல தீவனம் தின்ற கலப்பினக் கிடேரி 10 - 12 மாதத்திலேயே பருவத்துக்கு வரும். ஆனால் இடுப்பெலும்பு அப்போது விரிந்திருக்காது. கன்று வழியில் சிக்கினால் தாயும் கன்றும் இரண்டுமே போகலாம். பிழைத்தாலும் வளர்ச்சி குன்றி, பால் குறையும்.

ஜெர்சி கலப்பினம் சுமார் 220 கிலோ, எச்.எஃப். கலப்பினம் சுமார் 250 கிலோ எடை வந்த பிறகே கருவூட்டல் செய்ய வேண்டும். தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 55, நீளம் 48 என்றால் 220 கிலோ.

வெளிக் காளையை மட்டும் குறை சொல்ல முடியாது. பல வீடுகளில் சொந்தக் கொட்டிலில் நிற்கும் காளைக் கன்றுதான் காரணம். ஆறு மாதம் ஆனதும் அதைத் தனியாகக் கட்டுங்கள். இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால் கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிடுங்கள். கிடேரி கத்தினாலோ, கண்ணாடி போல வழும்பு ஒழுகினாலோ இரண்டு நாள் மேய்ச்சலுக்கு விடாமல் தேதியைக் குறித்து வையுங்கள். 21 நாளுக்கொரு முறை இது திரும்பும்.

தவறி இணைந்துவிட்டால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். கருவைக் கலைக்கும் ஊசி மறுநாளே வேலை செய்யாது; ஒரு வாரம் கழித்துத்தான் பலன் தரும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. அந்த மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கடையில் வாங்கி நீங்களே போட வேண்டாம்.

சினை முற்றிய பிறகே தெரிந்தால், கன்று ஈனும் நாளில் மருத்துவர் வரும்படி முன்பே சொல்லி வையுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்று வெளிவரவில்லை என்றால், கயிறு கட்டி நாலு பேர் இழுக்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.