பிள்ளையை அழைத்துப் போன அதிகாரிமீது புகார் சொல்லலாமா?

பினாங்கு டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவைச் சமூகநல இலாகா அதிகாரி தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் உடம்பில் காயம் இருப்பதாகப் பள்ளியிலிருந்து தகவல் போயிருக்கிறது. அதிகாரி அம்மாவிடம் கடுமையாகப் பேசுகிறார். அவர் சொல்லும் மலாய் அம்மாவுக்குப் பாதிதான் விளங்குகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன்பின் வீட்டில் எல்லாரும் சொல்லுவது ஒன்றுதான்: “ஒன்றும் பேசாதே, பேசினால் பிள்ளையைத் தரமாட்டார்கள்.” நம் குடும்பங்களை முடக்கிப்போடுவது இந்தப் பயம்தான். எதைப் பேசுவது, எங்கே பேசுவது என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும்.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, ‘பெலிண்டோங்’ எனப்படும் பாதுகாப்பு அதிகாரியோ போலீசோ, பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் அழைத்துச் செல்லலாம். ஆகவே கதவை மறித்து நிற்காதீர்கள். ஆனால் அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைச் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் நடைமுறை வேறு. பிள்ளை எங்கே தங்குவது என்பதை முடிவுசெய்வது நீதிமன்றமே.

இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். “பிள்ளையை எடுத்தது தவறு” என்பது ஒரு குறை. “அதிகாரி என்னை அவமதித்தார், நான் சொன்னதை எழுதவே இல்லை, ஏதோ தாளில் விளக்காமல் கையெழுத்து வாங்கினார்” என்பது வேறு குறை. முதல் குறைக்கு நீதிமன்றத்தில்தான் வழி. உத்தரவு பிறந்த பிறகும், நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டி அதை மாற்றவோ நீக்கவோ பெற்றோர் மனுச் செய்யலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேட்கலாம். இரண்டாவது குறைக்கு இலாகாவிடம் புகார் செய்ய வேண்டும். அந்தப் புகார் வென்றாலும் அதனால் மட்டும் பிள்ளை வீடு திரும்பாது. இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் கவுண்டரில் அழுது நிற்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

புகாரில் கோபம் வேண்டாம், நடந்தது வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, யார், என்ன சொன்னார், உடன் இருந்தது யார் என்று எழுதுங்கள். “மரியாதை இல்லாமல் பேசினார்” என்று எழுதினால் அது ஓர் அபிப்பிராயமாகவே நிற்கும். அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதினால் விசாரிப்பவர் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பிள்ளையை வேற்று மதச் சடங்கில் கலந்துகொள்ளச் சொன்னார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். யாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது விதி சொல்கிறது. மாவட்ட அலுவலகத் தலைவருக்கோ மாநில இயக்குநருக்கோ கடிதம் கொடுத்து, நகலில் ‘சாப்’ (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் ‘சிஸ்பா’ புகார் முறையும் இருக்கிறது. பதில் வராவிட்டால், 1971இல் தொடங்கப்பட்ட பொதுப் புகார் பிரிவுக்குப் போகலாம். உரிமை மீறல் என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறாருக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். அதிகாரி பணம் கேட்டால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்முக்கும், கைநீட்டினால் போலீசுக்கும் போங்கள். அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் எச்சரிக்கை முதல் பதவி நீக்கம் வரை தண்டனைகள் உள்ளன.

ஆனால் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. சமூகப் பணிப் பட்டப்படிப்பு இதே பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1975இலேயே தொடங்கிவிட்டது. சமூகப் பணியாளர்களுக்கு ஒரு மன்றமும் சட்டமும் வேண்டும் என்று 2010இல் அமைச்சரவையும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் அது சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் 2019 முதல் தனி ஒழுங்கு அமைப்பு இருக்கிறது. கடுமையான தவறு நிரூபணமானால் பணியாளரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே அது நீக்கலாம். டாக்டரையும் வழக்கறிஞரையும் கேள்வி கேட்க ஒரு மன்றம் உண்டு. ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கையில் எடுப்பவருக்கும் அது இருக்க வேண்டும்.

ஆற்றாமையில் பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு நடவடிக்கையில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தை மின்னியல் ஊடகத்தில் பரப்புவது சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள்மேல் வரும்.

கடைசியாக, பிள்ளையே புகார் சொல்லும் நேரம். பிள்ளை தங்கியிருக்கும் இல்லத்தில் பார்க்கப் போகும்போது “இங்கே அடிக்கிறார்கள்” என்று காதோரம் சொல்லக்கூடும். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே, அன்றைய தேதியோடு எழுதி வையுங்கள். 15999 தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள். காயம் தெரிந்தால் அன்றே போலீஸ் ரிப்போர்ட் கொடுத்து, டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். டத்தோ கிராமாட்டிலிருந்து ரெசிடென்சி சாலைப் பொது மருத்துவமனை எட்டும் தூரந்தான். பிள்ளை துன்புறுத்தப்பட்டிருப்பதாக நம்பும் டாக்டர், அடித்தது யாராக இருந்தாலும், உடனே தெரிவித்தாக வேண்டும் என்பதும் சிறார் சட்டத்தில்தான் இருக்கிறது.