மணியோசைக்குக் காத்திருந்த கன்னிகாஸ்திரி

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவிலில் பூசை நடக்கிறது. நாம் முழங்காலில் நிற்கிறோம். வாய் செபம் சொல்கிறது. மனமோ வீட்டு அடுப்பைச் சுற்றி வருகிறது. "எப்போது முடியும்?" என்று கண் கடிகாரத்தைத் தேடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குறையா? இல்லை. பிற்காலத்தில் புனிதை என்று உலகம் போற்றிய ஒரு பெண்ணும் இப்படித்தான் இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டுகள்!

அவர்தான் அவிலா தெரேசா. கல்கத்தா அன்னை தெரேசா வேறு. பிரான்சு நாட்டுச் சிறுமலர் தெரேசா வேறு. இவர் அந்த இருவருக்கும் முந்தியவர்.

கூடத்தில் பேச்சு

ஸ்பெயின் நாட்டில் உள்ள ஊர் அவிலா. ஊரைச் சுற்றிலும் உயரமான கல் மதில். அங்கே 1515-ம் ஆண்டு தெரேசா பிறந்தார். வசதியான குடும்பம். 1535-ல், தம் 20-வது வயதில், கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தந்தைக்கு அதில் விருப்பம் இல்லை.

அந்த மடத்தில் கட்டுப்பாடு அதிகம் இல்லை. உறவினர்களும் நண்பர்களும் வந்து போவார்கள். கூடத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசுவார்கள். தெரேசா பேச்சில் கெட்டிக்காரர். அவரைப் பார்க்க வருபவர்கள் அதிகம்.

இடையில் கடும் நோய் வந்தது. நான்கு நாள் நினைவே இல்லை. இறந்துவிட்டார் என்று எண்ணிக் குழியும் வெட்டிவிட்டார்கள்! ஆனால் பிழைத்துக் கொண்டார். பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கை, கால் சரிவர இயங்கவில்லை. குணமானதும் மறுபடியும் அதே கூடம், அதே பேச்சு.

தெரேசா கெட்ட வழியில் போனாரா? அதுவும் இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. உள்ளே மட்டும் அனல் இல்லை. கடவுளும் வேண்டும், ஊரார் மெச்சுவதும் வேண்டும். சூடும் இல்லை, குளிரும் இல்லை. வெதுவெதுப்பு!

அப்பாவிடம் சொன்ன சாக்கு

தெரேசாவின் தந்தைக்கு மனத்துக்குள் செபிக்கக் கற்றுக் கொடுத்தவர் தெரேசாதான். தந்தை அதை விடாமல் செய்து வந்தார். கற்றுக் கொடுத்த மகளோ நிறுத்திவிட்டார்!

அதைத் தந்தையிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. உடல் நலம் சரியில்லை என்றார். தந்தை அதை அப்படியே நம்பினார். மகளுக்காக இரக்கப்பட்டார்.

உண்மையான காரணம் என்ன? வெட்கம்! இவ்வளவு குறையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கடவுள் முன் போய் நிற்பது என்று தெரேசா எண்ணினார். அதைப் பணிவு என்றும் நினைத்துக் கொண்டார். தம் வாழ்க்கையில் வந்த சோதனைகளில் மிகவும் பயங்கரமானது அதுதான் என்று பின்னாளில் எழுதினார். நோயாளி, "நோய் தீர்ந்த பிறகு வைத்தியரிடம் போகிறேன்" என்று சொன்னால் எப்படி?

1543-ல் தந்தை இறந்தார். அவருக்கு ஆன்ம குருவாக இருந்தவரிடம் தெரேசா தம் நிலையைச் சொன்னார். செபத்தை விடக்கூடாது என்று குரு அறிவுரை கூறினார். தெரேசா மறுபடியும் தொடங்கினார். அதன் பிறகு விடவே இல்லை.

உடனே இன்பம் வந்ததா? வரவில்லை. செபத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருவார். நேரம் நகராது. மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். ஆனாலும் எழுந்து போகமாட்டார்.

ஒரு சுரூபம்

1554-ம் ஆண்டு. தெரேசாவுக்கு 39 வயது. ஒரு திருவிழாவுக்காக மடத்துக்கு ஒரு சுரூபம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உடலெல்லாம் காயங்களுடன் நிற்கும் இயேசுவின் சுரூபம் அது. தெரேசா தற்செயலாக அதைப் பார்த்தார். இத்தனை அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்ற எண்ணம் நெஞ்சைப் பிளந்தது. அப்படியே கீழே விழுந்து அழுதார். எனக்கு வலிமை தந்தால் ஒழிய எழுந்திருக்க மாட்டேன் என்று மன்றாடினார்.

அன்று முதல் அவர் புதுப் பெண் ஆனார்!

கிணறும் மழையும்

பின்னர் தெரேசா தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டார். தண்ணீர் நான்கு வகையில் வரும் என்றார்.

முதலாவது, கிணற்றில் இருந்து கையால் இறைப்பது. இதில் பாடு அதிகம். இரண்டாவது, சக்கரத்தைச் சுற்றி இறைப்பது. இதில் பாடு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது, ஆற்றில் இருந்து பாய்வது. நான்காவது, மழை! அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. எல்லாம் கடவுள் கொடை.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் கையால்தான் இறைக்க வேண்டும். சில நாள் கிணறு வறண்டும் போகும். அப்போதும் வாளியை விடவேண்டும் என்கிறார் தெரேசா.

சமையல் அறையில் வேலை செய்கிற பெண், எனக்கு ஏது நேரம் என்று கேட்கலாம். சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் கன்னியர்களுக்குத் தெரேசா சொன்னார்.

1562-ல் அவிலாவில் எளிய புது மடம் ஒன்றை அமைத்தார். 1582-ல் இறப்பதற்குள் இப்படி 17 கன்னியர் மடங்கள் எழும்பின. 1622-ல் திருச்சபை அவரைப் புனிதையாக அறிவித்தது. 1970-ல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டமும் அளித்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்!

இத்தனையும் செய்தவர், ஒரு காலத்தில் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தவர்.

அடுத்த ஞாயிறு பூசையில் உங்கள் மனம் அலையலாம். அதற்காக வெட்கப்பட்டு விலகிவிட வேண்டாம். அலைகிறது என்பதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் தினம் கொஞ்ச நேரம், நெருங்கிய ஒருவரிடம் பேசுவது போல் அவரிடம் பேசுங்கள்.

வாளியை இறக்குவதுதான் நம் வேலை. மழை பெய்விப்பது அவர் வேலை!