எண்ணெயிலிருந்து இழை வரை: ஓர் உலோக ஊக்கியின் பொருளியல்

பாண்டிருப்புக்கு வடக்கே, எல்லை எதுவெனப் பிரித்தறிய இயலாதவாறு ஒட்டிக் கிடக்கும் ஊர் மருதமுனை. அதன் கைத்தறிச் சாரங்களையும் சேலைகளையும் அறியாதார் கிழக்கிலங்கையிற் குறைவு. ஆயின், கல்முனைக் கடைத்தெருவில் அவற்றோடு போட்டியிட்டு விற்பனையாகும் மலிவுத் துணிகளிற் கணிசமானவை பருத்திச் செடியை அறியாதவை, பெற்றோலியத்தின் வழிவந்தவை. எண்ணெய் எவ்வாறு இழையாகின்றது என்ற வினாவை, தறியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் எதிர்கொண்டேயாதல் வேண்டும். இலக்கிய மாணவராகிய நாம் இரசாயனத்துட் புகுவதற்கான நியாயம் இதுவே. மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து பெறப்பட்ட அலிசரின் என்னும் செஞ்சாயம் நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கப்பட்டதை எங்கெல்ஸ் 1886 இல் ஒரு மெய்யியல் வாதத்துக்கே சான்றாகக் காட்டினார் என்பதும் நினைவு கூரத்தக்கது.

பொலியெஸ்டர் என்பது தெரெத்தாலிக் அமிலமும் எதிலீன் கிளைக்கோலும் மாறி மாறிக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலியாகும். துணி அச்சிடும் பிரித்தானிய நிறுவனமொன்றிற் பணியாற்றிய வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் 1941 இல் இதனை உருவாக்கினர். இந்திய நெசவாளரின் வாழ்வை முன்னர் சிதைத்த லங்காஷயரின் துணித்தொழிலிலிருந்தே பருத்திக்கு மாற்றான இழையும் புறப்பட்டமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இழை கிடைத்தது, அமிலத்தை மலிவாகப் பெறுவதே இடர்ப்பாடாயிருந்தது. அதன் மூலப்பொருள் பரசைலீன் என்னும் ஐதரோகாபன். ஆறு காபன் அணுக்கள் கொண்ட பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இரு மெதைல் கூட்டங்கள் அமர்ந்திருக்கும். இவ்விரண்டையும் காபொட்சிலிக் கூட்டங்களாக்கினால் வேண்டிய அமிலம் கிட்டும். கோபாற்று உப்பை ஊக்கியாக இட்டுக் காற்றைச் செலுத்தினால் முதலாவது மெதைல் எளிதில் ஒட்சியேற்றமடையும். தாக்கம் அவ்விடத்தே நின்றுவிடும். புதிதாய்த் தோன்றிய காபொட்சிலிக் கூட்டம் வளையத்தின் இலத்திரன்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், எதிர்முனையிலுள்ள மெதைல் தாக்கத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. இத்தடையைத் தாண்ட இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, நைத்திரிக் அமிலத்தால் ஒட்சியேற்றுதல். இது ஆபத்தானது, விளைபொருளையும் மாசுபடுத்துவது. மற்றையது, முதலாவது அமிலக் கூட்டத்தை மெதனோலுடன் சேர்த்து எசுத்தராக்கி, அதன் பின்னரே இரண்டாவதை ஒட்சியேற்றுதல். இரண்டாவது வழியில் இறுதியாகக் கிடைப்பது டைமெதைல் தெரெத்தாலேற்று, அது சுற்றுவழி.

1955 அளவில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட தீர்வு புரோமீனாகும். கோபாற்று, மங்கனீசு உப்புகளோடு சிறிதளவு புரோமைட்டும் சேர்க்கப்பட்டதும் இரண்டாவது மெதைலும் இணங்கியது. இதன் பொறிமுறையைச் சற்று விரித்து நோக்குவோம். புரோமீன் அணு மெதைலிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கின்றது. எஞ்சும் மூலிகம் காற்றின் ஒட்சிசனைப் பற்றிப் பேரொட்சைட்டாகின்றது. பேரொட்சைட்டு, கோபாற்றை உயர் ஒட்சியேற்ற நிலைக்குக் கொணர்கின்றது. கோபாற்று மங்கனீசை உயர்த்துகின்றது. மங்கனீசு புரோமைட்டை மீண்டும் புரோமீன் அணுவாக்குகின்றது. பின்னர் வட்டம் மறுபடியும் தொடங்குகின்றது. உலோகங்கள் செலவாவதில்லை, கைமாற்றிக் கொடுக்கின்றன. அசற்றிக் அமிலக் கரைசலில், ஏறத்தாழ 200 பாகை செல்சியசில், உயர் அமுக்கக் காற்றின் கீழ் இது நிகழ்கின்றது. விளைந்த அமிலம் கரையாமற் படிவதால் பிரித்தெடுத்தல் எளிது. ஆயினும் சூடான புரோமைட்டு உருக்கை அரிக்குமாதலின், தாக்கக் கலத்துக்குத் தைத்தேனிய உறை வேண்டும். சிறுமுதலாளி எவரும் இத்துறையில் நுழைய முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மேலும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒரு முனை அரைகுறையாக ஒட்சியேறி அல்டிகைட்டாகவே நின்றுவிட்ட மூலக்கூறுகள் சங்கிலியில் மேற்கொண்டு கோக்கப்படமாட்டா. சங்கிலி அவ்விடத்தில் அறும். பலேடிய ஊக்கியின் துணையோடு ஐதரசனைச் செலுத்தி இம்மாசை நீக்கும் முறை 1965 இல் அமொக்கோ நிறுவனத்தால் தொழில்முறைக்கு வந்தது. தூய அமிலத்தை நேரடியாக இழையாக்குதல் இதன் பின்னரே பெருவழக்காயிற்று. இன்று ஆண்டுக்குப் பல கோடி தொன் தெரெத்தாலிக் அமிலம் பெரும்பாலும் இவ்வழியில் உற்பத்தியாகின்றது. உலகின் இழை உற்பத்தியிற் பாதிக்கு மேற்பட்டது பொலியெஸ்டர்.

இரு வழிகளுக்கிடையிலான இரசாயன வேறுபாடு வர்க்கத்துக்குள்ளேயே மூலதனப் போராக வெடித்ததை இந்தியாவிற் காணலாம். ரிலையன்ஸ் நிறுவனம் தூய அமிலத்தை இறக்குமதி செய்து இழையாக்கியது. பொம்பே டையிங் நிறுவனம் டைமெதைல் தெரெத்தாலேற்றை உற்பத்தி செய்தது. 1985 மே இறுதியில் இந்திய அரசு அமில இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், அதைச் சூழ்ந்து எழுந்த குற்றச்சாட்டுகளும் மறுஆண்டு இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் முதற்பக்கங்களை நிரப்பின. ஒரு மெதைல் கூட்டத்தை எவ்வழியில் ஒட்சியேற்றுவது என்பதன் பின்னால் அமைச்சும் பத்திரிகையும் அணிவகுத்து நின்றன. ஊக்கிக்கான கோபாற்றின் கதையும் இத்தகையதே. 1978 இல் சயரின் சாபா மாகாணத்தில் மூண்ட போர் உலகச் சந்தையில் அதன் விலையைப் பன்மடங்கு உயர்த்தியது. கொங்கோ என மீண்டும் பெயர் பெற்ற அந்நாடே இன்றும் கோபாற்றின் பெரும்பகுதியை வழங்குகின்றது. அதனை அகழ்வோரிற் பலர் கையால் மண்ணைத் தோண்டும் வறியவர்.

இலங்கையில் இவ்வமிலத்தை ஆக்கும் ஆலை இல்லை. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் எரிபொருளுக்கென அமைக்கப்பட்டது. 1977 இன் பின்னர் இறக்குமதித் தடைகள் தளர்ந்தபோது வந்து குவிந்த துணி, நாடெங்கும் கைத்தறியாளரை நசுக்கியது. மருதமுனை நெசவாளர் அதன்பின் போரையும் 2004 இன் ஆழிப்பேரலையையும் தாங்க நேர்ந்தது. கைத்தறி அழிந்துபோனதற்கு மக்களின் இரசனை மாற்றமே காரணம் என்பாருளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. காற்றையே மூலப்பொருளாகக் கொண்டு இரவும் பகலும் ஓயாது இயங்கும் கோபுரமொன்று ஓர் இழைக்குச் செலவிடும் உழைப்பு நேரம் மிகச் சிறிது. குழித்தறியில் மிதிபலகையை மிதித்துப் பாவின் குறுக்கே நாடா எறியும் ஒருவர் தம் உழைப்பு நேரத்தை அவ்வளவுக்குக் குறைத்தல் இயலாது. மருதமுனைத் தறிகளிற் சில இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கான நூலும் சாயமும் கடல் கடந்தே வருகின்றன.