சுன்னத்து குற்றமா? ஜெர்மனியை ஆட்டி வைத்த வழக்கு

4 வயதுச் சிறுவனுக்கு ஒரு டாக்டர் சுன்னத்து செய்தார். பெற்றோர் கேட்டுக்கொண்டபடி செய்தார். மருத்துவ முறைப்படி செய்தார். ஆனாலும் அது குற்றம் என்று ஒரு கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த 8 மாதத்துக்குள் நாட்டின் பாராளுமன்றம் கூடிப் புதிதாக ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இது நடந்தது ஜெர்மனியில், 2012-ம் ஆண்டில். மத நம்பிக்கை, பெற்றோரின் உரிமை, வாய் பேசத் தெரியாத குழந்தையின் உடல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றோடொன்று மோதின. பல மதத்தினர் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் நம் நாட்டவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

வழக்கு வந்த விதம்

ரைன் நதிக் கரையில் உள்ள பெரிய நகரம் கொலோன். 2010-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி அங்குள்ள ஒரு முஸ்லிம் குடும்பத்தின் 4 வயது மகனுக்கு டாக்டர் ஒருவர் சுன்னத்து செய்தார். மரத்துப்போக மருந்து கொடுத்து, நுனித்தோலை அகற்றி, 4 தையல் போட்டார். அன்று மாலையே சிறுவனின் வீட்டுக்குச் சென்று பார்த்தும் வந்தார்.

2 நாள் கழித்துக் காயத்தில் ரத்தம் கசிந்தது. தாய் பதறிப்போய், பையனைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றார். அங்கே ரத்தப் போக்கு நிறுத்தப்பட்டது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அது அரசு வக்கீலின் காதுக்கு எட்டியது. சிறுவனின் உடலுக்குக் காயம் விளைவித்ததாக டாக்டர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

கீழ்க்கோர்ட்டு 2011-ம் ஆண்டு செப்டம்பரில் டாக்டரை விடுதலை செய்தது. பெற்றோர் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள், டாக்டரின் வேலையில் பிழை எதுவும் இல்லை என்று அது கூறியது. அரசுத் தரப்பு அப்பீல் செய்தது. 2012-ம் ஆண்டு மே 7-ந் தேதி கொலோன் மாவட்டக் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

குற்றம் உண்டு, தண்டனை இல்லை

டாக்டரின் வேலையில் பிழை இல்லை என்பதை மாவட்டக் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஆனால் பெற்றோரின் சம்மதம் செல்லாது என்றது.

ஜெர்மனியின் அரசியல் சட்டம் ஒவ்வொருவருக்கும் உடலுக்கு ஊறு நேராமல் வாழும் உரிமையைக் கொடுக்கிறது. மத சுதந்திரத்தையும் கொடுக்கிறது. பிள்ளைகளை வளர்க்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுக்கிறது. இந்த மூன்றையும் கோர்ட்டு தராசில் வைத்துப் பார்த்தது. சுன்னத்து உடலை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது, அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, எந்த மதத்தில் இருப்பது என்று பின்னாளில் தானே முடிவு செய்யும் பையனின் உரிமைக்கு அது குறுக்கே நிற்கிறது என்று கோர்ட்டு சொன்னது. பையன் வளர்ந்து அவனாக முடிவு செய்யும் வரை பெற்றோர் காத்திருந்தால் அவர்களுடைய உரிமை ஒன்றும் பறிபோய்விடாது என்றும் சொன்னது.

அப்படியானால் டாக்டருக்குத் தண்டனையா? இல்லை. இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாக இல்லை, சட்ட நிபுணர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள், எனவே தாம் செய்வது குற்றம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று கூறி அவரை விடுதலை செய்தது.

இதில்தான் சிக்கல் முளைத்தது. டாக்டர் விடுதலையானார். ஆனால் இனிமேல் சுன்னத்து செய்யும் வேறொரு டாக்டர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியுமா?

ஏன் இந்தக் கொதிப்பு?

தீர்ப்பு ஜூன் மாதக் கடைசியில்தான் பத்திரிகைகளில் வந்தது. நாடே பரபரப்படைந்தது. சட்டப்படி பார்த்தால் அது மற்றக் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் டாக்டர்கள் பயந்தார்கள். பெர்லின் நகரிலுள்ள யூத ஆஸ்பத்திரி, மத காரணத்துக்காகச் செய்யும் சுன்னத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

ஜெர்மனியில் அப்போது சுமார் 40 லட்சம் முஸ்லிம்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களும் இருந்தார்கள். தமிழ் பைபிளில் "விருத்தசேதனம்" என்று வருவது இதுதான். ஆண் குழந்தை பிறந்த 8-ம் நாளில் இதைச் செய்ய வேண்டும் என்பது ஆபிரகாம் காலத்தில் கடவுள் இட்ட கட்டளை என்று யூதர்கள் நம்புகிறார்கள். "பையன் வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அவர்களிடம் சொல்வது கட்டளையை மீறச் சொல்வதாகும். முஸ்லிம்களுக்கு இது நபி வழி. எந்த வயதில் செய்வது என்பது நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஜெர்மனியின் பழைய வரலாறும் சேர்ந்துகொண்டது. ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒளிந்து திரிந்த யூத ஆண்களைக் காட்டிக்கொடுத்த அடையாளம் இந்தச் சுன்னத்துதான். அதே மண்ணில் ஒரு கோர்ட்டு அதைக் குற்றம் என்று சொன்னதும், "இந்த நாட்டில் நாங்கள் வாழலாமா, கூடாதா?" என்று யூதத் தலைவர்கள் கேட்டார்கள். வேறு பல விஷயங்களில் ஒத்துப்போகாத யூத, முஸ்லிம் அமைப்புகள் இதில் ஒரே குரலில் பேசின. உலகிலேயே யூதர்கள் தங்கள் சடங்கைச் செய்ய முடியாத ஒரே நாடாக ஜெர்மனி ஆகிவிடக் கூடாது என்று பிரதமர் ஏங்கலா மெர்க்கல் தமது கட்சிக்காரர்களிடம் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின.

மறு தரப்பின் வாதம்

தீர்ப்பை ஆதரித்தவர்கள் எல்லோரும் மதத்தின் பகைவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தை மருத்துவர்கள் பலர் அந்தப் பக்கம் நின்றார்கள். சட்டப் பேராசிரியர் ஹோல்ம் புட்ஸ்கே, நோய் இல்லாத சிறுவனுக்குச் சுன்னத்து செய்வது சட்டப்படி காயம் விளைவிப்பதே என்று 2008-லேயே கட்டுரை எழுதியவர்.

அவர்களுடைய வாதம் எளிமையானது. நோய் இருந்தால் குழந்தையின் உடலில் கத்தி வைக்கலாம். நோய் இல்லாதபோது ஏன் வைக்க வேண்டும்? வலி குழந்தைக்கு, முடிவு மட்டும் பெற்றோருடையதா? பெண் குழந்தைக்கு இப்படி எதைச் செய்தாலும் குற்றம் என்கிறோம், ஆண் குழந்தைக்கு மட்டும் ஏன் பாதுகாப்பு இல்லை?

பெண் குழந்தைக்குச் செய்வது வேறு, அது பெரும் கேட்டை உண்டாக்குவது, பெண்ணை அடக்கி வைப்பதற்காகவே செய்யப்படுவது என்று எதிர்த் தரப்பு பதில் சொன்னது. பிள்ளைக்கு மொழி, பெயர், மதம் எல்லாவற்றையும் பெற்றோர்தான் கொடுக்கிறார்கள், பிள்ளையைக் கேட்டுக்கொண்டு கொடுப்பதில்லை என்றும் அது வாதிட்டது. சுன்னத்து செய்யாத பையன் தன் சமூகத்தில் ஒதுக்கப்பட்டால் அதுவும் அவனுக்கு ஒரு கேடுதானே என்று கேட்டது.

பாராளுமன்றம் கூடியது

ஜூலை 19-ந் தேதியே ஜெர்மனி பாராளுமன்றம் கூடி, சுன்னத்துக்கு இடம் தரும் சட்டம் கொண்டுவரும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டது. ஆகஸ்டில் தேசிய நெறிமுறைக் குழு கூடியது. குழுவினருக்குள் கருத்து வேற்றுமை கடுமையாக இருந்தது. ஆனாலும் 4 விஷயங்களில் உடன்பட்டார்கள். பெற்றோருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அவர்களுடைய சம்மதம் பெற வேண்டும், வலி தெரியாமல் செய்ய வேண்டும், தேர்ச்சி பெற்றவரே செய்ய வேண்டும், விவரம் தெரிந்த பையன் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்பவையே அவை.

டிசம்பர் 12-ந் தேதி ஓட்டெடுப்பு. அரசாங்கத்தின் மசோதாவுக்கு ஆதரவாக 434 ஓட்டுகளும் எதிராக 100 ஓட்டுகளும் விழுந்தன. 46 பேர் நடுநிலை வகித்தார்கள். பையனுக்கு 14 வயதாகி அவனே சம்மதித்தால்தான் செய்யலாம் என்று 66 உறுப்பினர்கள் கொண்டுவந்த போட்டி மசோதா தோற்றது.

புதிய சட்டப்படி, நோய் இல்லாவிட்டாலும் மகனின் சுன்னத்துக்குப் பெற்றோர் சம்மதம் தரலாம். ஆனால் மருத்துவ நெறிப்படி செய்ய வேண்டும். குழந்தையின் நலனுக்கு ஆபத்து என்றால் கூடாது. பிறந்து 6 மாதம் வரை, மத அமைப்பு நியமித்த, டாக்டருக்குச் சமமான தேர்ச்சி பெற்ற ஒருவரும் செய்யலாம்.

சட்டம் வந்த மறு வருஷமே அதற்குச் சோதனை வந்தது. கென்யா நாட்டிலிருந்து வந்த ஒரு தாய், தங்கள் குல வழக்கப்படி 6 வயது மகனுக்குச் சுன்னத்து செய்ய விரும்பினார். ஹாம் நகர மேல்கோர்ட்டு அனுமதிக்க மறுத்துவிட்டது. குடும்பம் ஜெர்மனியிலேயே வாழ்கிறது, தாய்க்கு முறையான மருத்துவ விளக்கம் தரப்படவில்லை, பையனிடமும் தக்கபடி பேசவில்லை என்பவை காரணங்கள். பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு என்பது இதிலிருந்து விளங்கியது.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

மருத்துவ உலகமும் ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. சுன்னத்தின் நன்மை தீமையைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும்படி சிபாரிசு செய்யுமளவுக்கு இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-ல் கூறியது. மருத்துவக் காரணம் இல்லாமல் சிறுவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்று நெதர்லாந்து டாக்டர்கள் சங்கம் 2010-ல் கூறியது. ஆனால் அந்தச் சங்கமும் தடைச் சட்டம் கேட்கவில்லை. தடை போட்டால் மறைவில், தேர்ச்சியில்லாத கைகளில் நடக்கும் என்று அது அஞ்சியது.

எய்ட்ஸ் பற்றிய ஆராய்ச்சியையும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய 3 நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சுன்னத்து செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து அந்தக் கிருமி தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. நோய் அதிகமாகப் பரவியுள்ள நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதைச் சிபாரிசு செய்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், தாங்களே சம்மதித்தவர்கள். கைக்குழந்தைக்கு அதைக் காரணமாகக் காட்டலாமா என்பதே கேள்வி.

மற்ற நாடுகளில்

சுவீடன் 2001-லேயே சட்டம் செய்துவிட்டது. வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பது கட்டாயம். பையன் வேண்டாம் என்றால் செய்யக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் 16 வயதுக்கு முன் சுன்னத்து செய்வது, மதக் காரணமோ மருத்துவக் காரணமோ இருந்தால் தவிர, தடுக்கப்பட்டுள்ளது. ஐஸ்லாந்தில் 2018-ல் 6 வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்க ஒரு மசோதா வந்தது. பல நாட்டு மதத் தலைவர்களும் எதிர்த்தார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது.

இங்கிலாந்தில் 2016-ல் வந்த வழக்கு வேறு மாதிரி. பிரிந்து வாழும் கணவன் மனைவி. முஸ்லிமான தந்தை, 6 வயதும் 4 வயதும் ஆன மகன்களுக்குச் சுன்னத்து செய்ய வேண்டும் என்றார். தாய் மறுத்தார். பையன்கள் வளர்ந்து அவர்களே முடிவு செய்யட்டும் என்று கோர்ட்டு ஒத்திவைத்தது. கலப்பு மணம் பெருகிவரும் காலத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் இன்னும் வரக்கூடும்.

காதுகுத்துக்கும் வந்தது கேள்வி

நம்மவர்களுக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று. கொலோன் பரபரப்பு நடந்துகொண்டிருந்த அதே ஆகஸ்டில், 3 வயது மகளுக்குக் காது குத்தியதில் வலி அதிகமாகிவிட்டது என்று ஒரு பெற்றோர் கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்டு பெர்லின் கோர்ட்டுக்குப் போனார்கள். 70 யூரோ கொடுத்து வழக்கு சமரசமாயிற்று. ஆனால் நீதிபதி, அவ்வளவு சிறு குழந்தைக்குக் காது குத்தியதே குற்றமாகாதா என்ற கேள்வியை எழுப்பினார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டையடித்து, காது குத்தி, ஊருக்கே விருந்து வைக்கும் நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். காதில் போடும் துளை வேறு, அறுவைச் சிகிச்சை வேறு என்பதும் உண்மை. ஆனால் அழுகிற குழந்தையைக் கேட்டு நாம் காது குத்துவதில்லை. அடுத்தவர் சடங்கைப் பற்றிப் பேசுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில்

இந்தியாவில் ஆண் குழந்தைகளின் சுன்னத்தைத் தடுக்கவோ முறைப்படுத்தவோ தனிச் சட்டம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மத சுதந்திரத்தைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளர் சம்மதத்துடன் நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குக் குற்றவியல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவாக இருந்த இது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவாக இருக்கிறது. சுன்னத்து குழந்தையின் "நன்மை"க்கா என்று கேட்டால், ஜெர்மனியில் எழுந்த அதே வாதம் இங்கும் எழும்.

அது எழவும் செய்தது. மருத்துவக் காரணம் இல்லாமல் குழந்தைகளுக்குச் சுன்னத்து செய்வதைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கும்படி கேரள ஐகோர்ட்டில் மனு போடப்பட்டது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐகோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்து மனு போட்டிருக்கிறார்கள், தக்க ஆதாரம் இல்லை, கோர்ட்டு சட்டம் இயற்றும் சபை அல்ல என்று கூறிவிட்டது. சுன்னத்து சரியா, தவறா என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

பெண் குழந்தைகளுக்குச் செய்வது தனி விஷயம். பம்பாயிலும் குஜராத்திலும் மிகுதியாக வாழும் தாவூதி போரா சமூகத்தில் நிலவும் அந்த வழக்கத்தை எதிர்த்து 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. 2018-ல் அது அரசியல் சட்ட பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது.

கோர்ட்டு தீர்க்கும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் நெறிமுறைக் குழுவில் கொள்கையால் பிரிந்து நின்றவர்களும் உடன்பட்ட அந்த 4 விஷயங்கள் எந்த ஊருக்கும் பொருந்தும். அவற்றைப் பின்பற்றினால் எந்த மதமும் குறைந்துவிடாது. குழந்தைக்கு வலி குறையும். ரத்தம் நிற்காமல் தவிக்கும் பிள்ளையை ஒரு தாய் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலையும் பெரும்பாலும் வராது.

பெற்றோரின் நம்பிக்கை பெரிதா, பிள்ளையின் உடல் பெரிதா என்ற வழக்கு இன்னும் பல நாட்டுக் கோர்ட்டுகளில் ஏறி இறங்கும். ஏதோ ஒரு கட்சி முழு வெற்றி பெறும் என்று தோன்றவில்லை. 434 பேர் ஆதரித்த சட்டத்திலேயே, குழந்தையின் நலனுக்கு ஆபத்து என்றால் கூடாது என்ற வரியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பேச முடியாத அந்தக் குழந்தைக்காகச் சட்டம் பேசும் வரி அது.